இரண்டாம் சாட்சி

காலை பத்து நாற்பது. தஞ்சாவூர் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் நான் முதலில் பார்த்தது அப்பாவின் இடது பாதத்தை. அது தம்பியின் முழங்கால் மேல் இருந்தது.

மனுவில் ஒரு நகல் குறைகிறது என்று அலுவலகத்தில் சொன்னதால் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது தம்பி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் அப்பாவின் செருப்பு. மூட்டை தைக்கிற கோணி ஊசியால் அதன் வாரில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். ஓட்டை விழுந்ததும் செருப்பை மாட்டிவிட்டு, வாரை இழுத்துக் கொக்கியில் பொருத்தினான். பொருந்தியது.

அப்பாவுக்கு ஒன்றரை வருடமாகக் கால் வீக்கம். அந்த ஒன்றரை வருடமும் அவர் இருந்தது என் வீட்டில். வார் எட்டவில்லை என்று அவர் சொன்னபோதெல்லாம் வார் இல்லாத செருப்பு வாங்கிக் கொடுத்தேன். மூன்று ஜோடி. மூன்றும் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. பழைய வாரில் ஓர் ஓட்டை போடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"காலை ஊனிப் பாருங்கப்பா. இறுக்குதா?"

"இல்லடா. இப்பதான் செருப்பு மாதிரி இருக்கு."

அன்றைய விசாரணைப் பட்டியலில் அப்பா மனுதாரர். தம்பி எதிர்மனுதாரர். நான்கு வருடங்களுக்கு முன் தம்பிக்கு எழுதிக் கொடுத்த வீட்டையும் நிலத்தையும் தன் பெயருக்கே திரும்ப மாற்றித் தரவேண்டும் என்று முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அப்பா மனு கொடுத்திருந்தார். மனுவை எழுதியவள் நான்.

தம்பி எழுந்து ஊசியைச் சட்டைப் பையின் ஓரத்தில் குத்தி வைத்துக்கொண்டான்.

"மனுவப் படிச்சேன்க்கா. நல்ல தமிழ். ஒரு எடத்துல கூட தப்பு இல்ல."

"சந்தோஷம்."

"நாளைக்கு உங்க பேப்பர்ல வருமா? போட்டோ வேணும்னா சொல்லு, அனுப்புறேன். நல்லதா ஒண்ணு இருக்கு."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றார் அப்பா. பிறகு தம்பியிடம் மட்டும், "காலைல சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். நானும் அப்பாவும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம், என்னிடம் கேட்கத் தேவையில்லை. இருந்தாலும் அதைக் கவனித்தேன்.

நான் ஒரு நாளிதழின் தஞ்சாவூர் அலுவலகத்தில் இருபது வருடமாக மாவட்டப் பக்கங்களைத் திருத்துகிறேன். நிருபர்கள் அனுப்புவதில் பெயர், ஊர், எண், ஒற்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அச்சுக்கு விடுவது வேலை. அப்பா அந்த நாளிதழை வாங்குவதில்லை. தம்பி வேறொரு நாளிதழ் வாங்குகிறான். அப்பா படிப்பது அதைத்தான்.

அப்பா பிறந்தது கூலி வேலை பார்த்த குடும்பத்தில். திருவையாற்றுக்கு இந்தப் பக்கம், குடமுருட்டியில் பிரியும் வாய்க்காலை ஒட்டிய வயலில் சிறு வயதில் நாற்றுப் பறித்தார். பிறகு அதே வயலை இரண்டு மா, மூன்று மாவாகப் பல வருடங்களில் வாங்கினார். மொத்தம் பன்னிரண்டு மா, அதாவது நான்கு ஏக்கர். பத்திர நடை அவருக்குப் பிடிபடாது என்பதால் வாங்கிய ஒவ்வொரு பத்திரத்தையும் அவருக்கு நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். நான் படித்துக்கொண்டிருக்கும்போது தம்பி வாய்க்காலில் நண்டு பிடித்துக்கொண்டிருப்பான். படித்து முடித்ததும் அப்பா பத்திரத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அவனைத் தேடிப் போவார்.

மாதா கோயிலில் அம்மாவின் முதல் வருட நினைவுப் பூசை முடிந்த வாரத்தில் அப்பா போன் செய்தார்.

"எல்லாத்தையும் தம்பி பேருக்கு எழுதி வெச்சிடலாம்னு இருக்கேன். நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

நீ என்ன சொல்கிறாய் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் சட்டப்படியும் இல்லை. அவர் உழைத்துச் சம்பாதித்தது, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எனக்குக் கல்யாணத்தில் நகை போட்டிருந்தார்கள். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தரின் கடை. தான செட்டில்மெண்ட் பத்திரத்தின் வரைவை அவர் கம்ப்யூட்டரில் அடித்து எடுத்து வைத்திருந்தார். அப்பா அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"என் மக பேப்பர்ல பிழை பாக்குறவங்க. ஒரு தடவ பாத்துடட்டும்."

"பாருங்க மேடம், நல்லாப் பாருங்க," என்றார் எழுத்தர். "நம்ம தமிழு கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

ஐந்து பிழைகள் இருந்தன. அம்மாவின் பெயரில் ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தது. ஒரு சர்வே எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் நிலத்தைக் கிழக்கே என்று எழுதியிருந்தார்கள். மற்ற இரண்டும் ஒற்றுப் பிழை. எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் திருத்தினேன்.

அதில் இல்லாத ஒன்றையும் கவனித்தேன். மூன்று வாரங்களுக்கு முன்புதான் எங்கள் நாளிதழில் வாசகர்களுக்கான சட்டப் பகுதியை நான் எழுதியிருந்தேன். சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் பெற்றோர், தங்களை வாழ்நாள் முழுவதும் பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு என்று அதில் இருந்தது. தலைப்பு வைத்ததும் நான்தான். அப்பாவின் பத்திரத்தில் "அன்பும் பாசமும் காரணமாக" என்று இருந்தது. "நாளது தேதி முதல் நீயே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இருந்தது. அந்த நிபந்தனை இல்லை. முதல் பக்கத்திலிருந்து இன்னொரு முறை தேடினேன். இல்லை.

ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எழுத்தர் இரண்டு நிமிடத்தில் அடித்துச் சேர்த்திருப்பார். அப்பாவும் மறுத்திருக்கமாட்டார், என் மகள் சொல்கிறாள் என்று எழுத்தரிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருப்பார். நான் தாளிலிருந்து தலையைத் தூக்கினேன். தம்பி அப்பாவின் மூக்குக் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்து, தானே அவர் காதில் மாட்டிவிட்டான்.

இவன் தவறட்டும் என்று நினைத்தேன். தவறினால் அப்பா என் வீட்டுக்கு வருவார் என்று நினைத்தேன். இரண்டையும் அந்த வரிசையில்தான் நினைத்தேன். திருத்திய தாளை எழுத்தரிடம் கொடுத்தேன். பதிவு நடந்தது. முதல் சாட்சி பக்கத்து வயல்காரர். இரண்டாம் சாட்சி நான்.

பதிவு முடிந்து வெளியே டீக்கடையில் நின்றபோது தம்பி அப்பாவிடம் சொன்னான்: "முன்ரூம் உங்களுக்குத்தான்ப்பா. மோட்டார் கொட்டகை சாவி உங்க இடுப்புலதான் இருக்கும். ஞாயித்துக்கெழம பூசைக்கு நாந்தான் கூட்டிட்டுப் போவேன். கடைசி வரைக்கும் நீங்க எங்கிட்டதான்." அப்பா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. என்னுடையதை நான் குடித்து முடித்துவிட்டேன்.

இரண்டரை வருடம் தம்பி சொன்னபடியே நடந்தது. ஒவ்வொரு முறை போன் பேசும்போதும் அப்பா நன்றாக இருப்பதாகச் சொன்னார். தம்பி மனைவி வைக்கும் மீன்குழம்பைப் பற்றிச் சொன்னார். மீன்குழம்பு நானும் வைப்பேன்.

பிறகு தம்பி ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டத் தொடங்கினான். "மூணு மாசம் அக்கா வீட்ல இருங்கப்பா, தூசி ஆகாது" என்று ஒரு பையோடு அப்பாவைக் கொண்டுவந்து விட்டான். நான் எப்போதோ தயார் செய்து வைத்திருந்த அறை அது. சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்து, கழிப்பறையில் கைப்பிடி பொருத்தியிருந்தேன். அப்பா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மூணு மாசத்துக்கு இவ்வளவு எதுக்கும்மா?" என்றார்.

ஏழு மாதத்தில் வீடு முடிந்தது. புதுமனை புகும் வீடு மந்திரிப்பு அழைப்பிதழில் அழைப்பவராக அப்பாவின் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். காரில் வந்து கூட்டிப்போனார்கள். பங்குச் சாமியார் பக்கத்தில் முதல் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். சாயங்காலம் அதே காரில் ஒரு பிரியாணிப் பொட்டலத்தோடு என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். முன்னறை உரக்கடை ஆகியிருந்தது. யூரியா மூட்டை, பூச்சிமருந்து டப்பா. "அந்த நெடி உங்களுக்கு ஆகாதுப்பா. பின்னாடி ஒரு ரூம் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று தம்பி சொல்லியிருந்தான். பின்னால் எந்த அறையும் எழும்பவில்லை. வாராவாரம் வந்த போன் மாதம் ஒருமுறை ஆனது. பிறகு அப்பா அழைத்தால் மணி மட்டும் அடித்தது.

நான் விரும்பியது நடந்திருந்தது. அப்பா என் வீட்டில் இருந்தார். ஆனால் காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பார். "அங்க பெஞ்சிருக்கும். நாத்து விட்டிருப்பானா?" என்பார். ஜூன் மாதம் மேட்டூர் அணை திறக்கும் செய்தி என் மேசைக்குத்தான் வரும். அதை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்வேன், ஒரு பரிசைக் கொடுப்பதுபோல. அவர் உடனே போனை எடுத்துத் தம்பியின் எண்ணைப் போடுவார். "கல்லணைக்குத் தண்ணி எப்ப வரும்னு அவனுக்குச் சொல்லணும்." மணி அடித்து நிற்கும். "வயல்ல இருப்பான்" என்று போனை வைப்பார்.

"உங்கப்பா நம்ம வீட்டுல லீவுக்கு வந்த மாதிரியே இருக்காரு," என்று என் கணவர் ஒருநாள் சமையலறையில் சொன்னார். "லீவு முடியல, அவ்வளவுதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து திரும்பி வந்து அப்பா சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்கு நான் போகணும். சட்டம் இருக்குன்னு ஏதோ எழுதுவியே. எழுது."

எழுதினேன். கை தானாக ஓடியது. தம்பி செய்தவற்றைப் பத்தி பத்தியாக, எண் போட்டு எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டியபோது அப்பா இடைமறித்தார்.

"எதிர்மனுதாரர்னா யாரு?"

"தம்பிதான்ப்பா."

"அப்படிப் போட்டாத்தான் ஆகுமா?"

"படிவத்துல அப்படித்தான்."

"சரி, போடு." நான் அடுத்த பத்திக்குப் போனதும், "அவன் மனசு கஷ்டப்படும்" என்றார்.

ஒன்றரை வருடம் எண்ணெய் தேய்த்துவிட்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்து, மருத்துவமனை வரிசையில் நின்றது நான். என் மனசைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

பதினொன்றே காலுக்கு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். கோட்டாட்சியர் என்னைவிடப் பத்து வயதாவது இளைய பெண். வக்கீல் யாரும் இல்லை. ஒரு மேசை, எதிரே மூன்று நாற்காலி. தம்பி அப்பாவை நடுவில் உட்காரவைத்தான்.

கோட்டாட்சியர் பத்திரத்தை முழுவதும் படித்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார்.

"ஐயா, உங்களைக் கவனிச்சுக்கணும்னு இதுல ஒரு வரி கூட இல்லையே. ஏன் எழுதல?"

"அது எனக்குத் தெரியாதுங்கம்மா. என் மகதான் பாத்துக் குடுத்தாங்க. பேப்பர்ல பிழை பாக்குற வேலைங்க. அவங்க பாத்தா தப்பு இருக்காது."

அதை அவர் புகார் மாதிரிச் சொல்லவில்லை. என்னை அவருக்கு அறிமுகப்படுத்துகிற மாதிரிச் சொன்னார்.

"நீங்கதானே ரெண்டாவது சாட்சி? படிச்சீங்களா?"

"படிச்சேன். அஞ்சு பிழை திருத்தினேன்."

"நிபந்தனை இல்லைங்கறது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"சொன்னீங்களா?"

"சொல்லல."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. குறித்துக்கொண்டார். தம்பி என் பக்கம் திரும்பினான். அப்பா தன் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்துல இருந்தே ஆகணும்னு தீர்ப்பு இருக்கு. சூழ்நிலைய வெச்சுப் புரிஞ்சுக்கலாம்னும் தீர்ப்பு இருக்கு," என்றார் கோட்டாட்சியர். "எழுதிக் குடுத்த அன்னைக்கு இவர் அப்பாவப் பாத்துக்கறேன்னு ஏதாவது வாக்குக் குடுத்தாரா? நீங்க கூட இருந்தீங்களே."

அப்போது எனக்கு இரண்டு வழி இருந்தது. நினைவில்லை என்றால் மனு பெரும்பாலும் தள்ளுபடியாகும். அப்பா என் வீட்டில், அந்த அறையில் இருப்பார். நினைவிருக்கிறது என்றால் அவர் போய்விடுவார். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் விநாடி முள் ஓடவில்லை என்பதைப் பார்த்தேன்.

தம்பி டீக்கடையில் சொன்ன நான்கு வாக்கியங்களையும் சொன்னேன். முன்னறை, மோட்டார் கொட்டகைச் சாவி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை, கடைசி வரைக்கும். அவன் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். எந்தக் குறிப்பேட்டிலும் அவற்றை எழுதி வைத்திருக்கவில்லை. நான்கு வருடமாகத் தினமும் என் காதில் ஓடியவை அவை. அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் அப்பாவிடம் சொன்னதில்லை.

"இப்படிச் சொன்னீங்களா?" என்று தம்பியிடம் கேட்டார்.

மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். மறுக்கட்டும் என்றும் இருந்தது.

"சொன்னேங்க மேடம்," என்றான். "அக்கா சொன்ன மாதிரியேதான் சொன்னேன். செய்யல. தப்புதான்."

அப்பா கையை நீட்டி அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். எட்டாம் வகுப்பில் அவன் பெயிலானபோதும் அப்படித்தான் தட்டினார்.

திரும்பி வரும்போது அப்பா என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தார். பெரிய கோயில் மேம்பாலம் தாண்டினோம். பிறகு கேட்டார்.

"ஆறாவது பிழைய ஏன் விட்ட?"

"தோணலப்பா."

"தெரிஞ்சுதுன்னு அங்க சொன்னியே."

எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டேன்.

"சின்னதுலயே அப்படித்தான் நீ. அவன் அம்மா மடியில பால் குடிச்சிட்டிருப்பான். போறபோக்குல அவன் கால்ல கிள்ளிட்டு ஓடுவ. இப்ப ஒனக்கு வயசு அம்பது."

"நாப்பத்தெட்டு. எனக்கு ஒரு மா கூட நீங்க குடுக்கலயேப்பா."

"ஒனக்கு எதுக்கும்மா வயலு? நாத்து எது, களை எதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"பேப்பர்ல தெரியும்," என்றார். அவர் சிரித்தது என் முதுகில் தெரிந்தது.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. செட்டில்மெண்ட் பத்திரம் ரத்து. இரண்டாம் சாட்சியின் வாக்குமூலத்தை எதிர்மனுதாரர் ஒப்புக்கொண்டதால் அது ஏற்கப்படுகிறது என்று ஒரு பத்தி இருந்தது. தம்பி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. உர மூட்டைகளைக் களத்து மேட்டில் ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டு, குட்டியானை வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு வந்தான். அப்பா ஆறு மணிக்கே பையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குளித்து, சவரம் செய்து, வார் வைத்த செருப்பைப் போட்டிருந்தார். இட்லி வைத்திருந்தேன். "அங்க போய் சாப்பிட்டுக்கறேன்" என்றார். வண்டி தெருமுனை திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிந்த அப்பாவின் கை தம்பியிடம் எதையோ காட்டிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் மூன்று ஜோடி செருப்பும் அப்படியே இருந்தன.

ஐந்து மாதம் கழித்து, சம்பா நடவு முடிந்த பிறகு அப்பா போன் செய்தார். தம்பி புதிதாக வாங்கிக் கொடுத்த போன்.

"தம்பி பேருக்கே திரும்ப எழுதிடலாம்னு இருக்கேன். அதே எழுத்தர்தான். வரைவு ரெடியா இருக்கு. நீ வந்து ஒரு தடவ பாத்துட்டு, சாட்சிக் கையெழுத்தும் போட்டுடு."

"இந்த தடவ நிபந்தனை இருக்காப்பா?"

"வந்து பாரேன்."

போனேன். அப்பாவின் இடுப்பில் அரைஞாண் கயிற்றில் மோட்டார் கொட்டகைச் சாவி தொங்கியது. தம்பி எனக்கு ஸ்டூல் இழுத்துப் போட்டான். "வாங்க மேடம், சிவப்புப் பேனா கொண்டாந்தீங்களா?" என்றார் எழுத்தர்.

மூன்றாம் பக்கத்தில் நிபந்தனை இருந்தது. வாழ்நாள் முழுவதும் பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்து என்று இருந்தது. அதன் கீழே முன்னறை, மோட்டார் கொட்டகைச் சாவி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை, கடைசி வரை. உத்தரவு நகலை வைத்துக்கொண்டு எழுத்தர் அதை அப்படியே அடித்திருந்தார்.

இந்த முறை இரண்டு பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன். பகல் பன்னிரண்டு பத்துக்குப் பதிவு முடிந்தது. இரண்டாம் சாட்சியின் இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.